பின்சீட்டின் எடை

மார்ச் 3

அன்புத் தங்கை நட்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். தலைமுடி மட்டும் தினமும் கொஞ்சம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. உன் இடுப்பு வலி எப்படி? பட்டறைக் குழிக்குள் இறங்கும்போது அந்த பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறாயா, இல்லை ஆணியில் மாட்டி அழகு பார்க்கிறாயா?

நீ அனுப்பிய பெட்டி போன லாரியில் வந்து சேர்ந்தது. நான்கு ஸ்பிரிங், குலுக்கலை அடக்கும் ஷாக் நான்கு, மூட்டுக்கு மூட்டு போடும் ரப்பர் புஷ் ஒரு பை நிறைய. ஒரு கீறல் இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால் ஜீப்பை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, பழையதை எல்லாம் கழற்றி, எல்லா போல்ட்டையும் முறுக்கி முடித்தேன். இறக்கியதும் வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. எங்கள் வேலை முகாமில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஓட்டிக் காட்டினேன், மானம் போயிற்று. பழைய ஸ்பிரிங்கே தேவலை. கல்மேல் உட்கார்ந்து கல்மேல் போவதுபோல் இருக்கிறது.

உனக்குத் தெரியும், இதை நான் ஆசைக்காகப் பண்ணவில்லை. பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்கு இங்கிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், எல்லாம் கல் பாதை. போன வருஷம் உன் அண்ணியும் பாப்பாவும் வந்தபோது பாப்பா மூன்று முறை வாந்தி எடுத்தாள். உன் அண்ணி தன் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இந்த ரோட்டுல பிள்ளைய தினமும் எப்படிங்க கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள். அதற்கு நான் வாயால் பதில் சொல்ல விரும்பவில்லை, வண்டியால் சொல்லலாம் என்றிருக்கிறேன். இரண்டு அறை வீடு கொடுத்திருக்கிறார்கள். ஜூனில் இருவரும் வந்துவிட்டால் என் வாழ்க்கை நேராகிவிடும். என்ன தப்பு செய்தேன் என்று பார்த்துச் சொல். போன் கோபுரம் இந்த வருஷமும் வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் இந்த லாரிதான் நமக்கு எல்லாம்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இடுப்பும் நலம், பெல்ட்டும் ஆணியில் நலம்.

சின்ன வயதில் நட்டை முழுங்கியவள் நான், பெயர் வாங்கியவளும் நான். ஆனால் நட்டு கழன்ற வேலை செய்வது நீ. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை எல்லாம் இறுக்கிவிட்டாய், சரிதானே? அப்போது ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் முறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கும். ஒரே மாதத்தில் கிழிந்தும் போகும். எல்லா போல்ட்டையும் தளர்த்து. வண்டியைத் தரையில் நிறுத்து. ஏற வேண்டிய எடை ஏறட்டும். இரண்டு முறை ஆட்டிவிடு. அதற்குப் பிறகுதான் இறுக்க வேண்டும். எடை இறங்குவதற்கு முன்னால் இறுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. என் பட்டறையில் ஆளை எடை போடாமல் ஸ்பிரிங் கொடுப்பதில்லை. எல்லாரும் முதலில் சிரிப்பார்கள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறுவார்கள். நீங்கள் மூவரும் ஏறியது இன்னும் என் சுவரில் சாக்பீஸில் இருக்கிறது: அண்ணன் 74, அண்ணி 58, பாப்பா 22. அந்த மூன்று பேருக்கும் சாமானுக்கும் சேர்த்துத்தான் இந்த ஸ்பிரிங். நீ தனியாக ஓட்டினால் அது தூக்கித்தான் போடும்.

அண்ணி வரேன்னு சொன்னாங்களா, இல்லை நீயாகச் சொல்லிக்கொள்கிறாயா? கேட்டால் கோபப்படாதே.

நட்டு

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் நலமும் அதுவேயாகட்டும்.

மூக்கை உடைத்துவிட்டாய். அந்தரத்தில்தான் இறுக்கியிருந்தேன். தளர்த்தி, தரையில் நிறுத்தி, மறுபடி இறுக்கினேன். பாதி முரட்டுத்தனம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது. ஜெனரேட்டர் கொட்டகை முன்னால் ஒரு கல் திட்டு உண்டு. அதில் பின்பக்கம் ஏறி இறங்கினால் என் தலை கூரையில் இடிக்கிறது. ஷாக்கில் எட்டுப் படி வைத்த திருகு இருக்கிறதே, அதை எதில் வைப்பது? வண்டியில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன், எடைக்கு எங்கே போவது?

அவள் வருவாள். வராமல் எங்கே போவாள்?

வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறேன். பாப்பா அறை ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டாயிற்று.

அண்ணன்

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

நலம். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

எடைக்கு எங்கே போவதா? உன்னைச் சுற்றி மணல்தானே இருக்கிறது. நாங்கள் இங்கே செய்வதும் அதுதான். இரண்டு சாக்கு எடு. மணல் நிரப்பிச் சமையல்கூடத் தராசில் எடை போடு. 58 கிலோ மூட்டையை முன்சீட்டில் உன் பக்கத்தில் வை. 22 கிலோ மூட்டையை அதற்கு நேர் பின்னால் வை. பெல்ட் போடு, இல்லாவிட்டால் உருண்டு கியர்மேல் விழும். சாமான் இடத்தில் தண்ணீர் கேன். இப்போது புஷ் போல்ட்டைத் தளர்த்தி இன்னொரு முறை இறுக்கு. அதே கல் திட்டில், அதே வேகத்தில், ஒவ்வொரு படியாகத் திருகி ஓட்டு. திட்டைத் தாண்டியதும் பின்பக்கம் ஒரே ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு முறை ஆடினால் திருகு போதாது. ஆடாமல் சுள்ளென்று அடித்தால் அதிகம்.

சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை நாலு பக்கமும் அளந்து மாதாமாதம் எனக்கு எழுது. புது ஸ்பிரிங் கொஞ்சம் உட்காரும், பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வந்ததும் மணலைக் கொட்டிவிடு.

நட்டு

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. நான்கு லாரி வந்து போய்விட்டது.

திருகு நான்காம் படியில் நிற்கிறது. மூன்றில் படகுபோல் ஆடியது. ஐந்தில் பல் கிட்டியது. நான்கில் ஒரே ஒரு மூச்சு, அவ்வளவுதான். டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். பின்பக்கம் இரண்டு சக்கரத்திலும் 497 மில்லிமீட்டர். முன்பக்கம் என் பக்கம் 512, அடுத்த பக்கம் 514. அச்சு மேலே போய் ரப்பர் கட்டையில் ஒரு முறைகூட இடிக்கவில்லை. உன் கைக்கு ஒரு கும்பிடு.

அவர்கள் வந்தாயிற்று. இருவரும் சுகம்.

முன் சக்கரத்தில் ஒரு சின்ன 'டிக்' சத்தம், திருப்பும்போது மட்டும். என்னவாக இருக்கும்?

அண்ணன்

ஜூலை 6

அன்புள்ள அண்ணா, அண்ணி, பாப்பாக் குட்டி,

மூன்று பேரையும் சேர்த்து எழுத எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா! சந்தேகப்பட்டு எழுதியதற்கு என் காதை நானே திருகிக்கொண்டேன். அண்ணி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்களே என்று ஒரு சின்ன வருத்தம். பரவாயில்லை, மூட்டை கட்டும் அவசரம் எனக்குத் தெரியாதா.

அந்த 'டிக்' சத்தம் ஷாக்கின் மேல் நட்டு. கால் சுற்று இறுக்கு.

பாப்பாவுக்கு ஒரு படம் வரையும் நோட்டும் கலர் பென்சிலும் இதனுடன் இருக்கிறது. அடுத்த கடிதத்தில் அவள் கையால் அத்தைக்கு ஒரு வரி வர வேண்டும். வாந்தி எடுத்தாளா இல்லையா, அதை மட்டும் எழுதினாலும் போதும். பட்டறைக்கு மேல் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது படிக்க ஏதாவது வேண்டாமா எனக்கு?

நட்டு

ஆகஸ்ட் 9

அன்புத் தங்கைக்கு,

நலம். நோட்டும் பென்சிலும் வந்தன. பாப்பா தூங்குகிறாள். லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அதனால் அவள் வரி அடுத்த முறை. வாந்தி எடுக்கவில்லை. ஒரு முறைகூட எடுக்கவில்லை.

கால் சுற்று இறுக்கினேன், சத்தம் போய்விட்டது. இப்போது வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. வீட்டிலும்தான். சாப்பிட உட்கார்ந்தால் ஜெனரேட்டர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று துல்லியமாகக் கேட்கிறது.

பின்பக்கம் 497, 497. முன்பக்கம் 513, 514.

அண்ணன்

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணா,

நான் நலம்.

பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அடுத்த பக்கம் முன்னாலும் மாறவில்லை. உன் பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. ஸ்பிரிங் தானாக நிமிராது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பார். வேறு ஒன்றுமில்லை.

நட்டு

செப்டம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

நலம். என்மேல் ஏதாவது கோபமா? போன கடிதத்தில் உன் அண்ணியையும் பாப்பாவையும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே. பாப்பாவின் வரிக்காகக் கோபம் என்றால் அது நியாயம்தான். இன்றும் அவள் விளையாடப் போய்விட்டாள்.

ஆனால் அவளை நீ வண்டியில் பார்க்க வேண்டும். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பின்சீட்டில் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரே ஆட்டம். கல் திட்டு வந்ததும், "அப்பா, இன்னொரு தடவை!" என்று கத்துவாள். நான் வளைத்துத் திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றுவேன். உன் அண்ணி, "ஸ்கூலுக்கு நேரமாச்சுங்க, ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்று திட்டுவாள். முதுகு வலி என்ற பேச்சே இல்லை.

கசிவு இல்லை. பின்பக்கம் 497, 497. முன்பக்கம் 514, 514. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

அண்ணன்

அக்டோபர் 15

அன்புள்ள அண்ணா,

நான் நலம். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான்காவதாக வந்ததை அப்படியே அனுப்புகிறேன்.

உன் பின்சீட்டு எடை தப்பு. பாப்பா இப்போது 26½ கிலோ. சின்ன மூட்டையில் நாலரை கிலோ கூட்டிக்கொள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குழிக்குள் படுத்திருந்தேன். மேலே இரண்டு ஜோடிக் கால் வந்து நின்றது, ஒன்று சின்ன ஷூ. "அத்தை, நான் தராசுல நிக்கணும்" என்று குரல் கேட்டது. எனக்கு இடுப்பு வலி, முதுகு வலி எல்லாம் மறந்துபோய்விட்டது. எழுந்ததில் தலையை இடித்துக்கொண்டதுதான் மிச்சம். அண்ணிதான் பேசினார்கள். "நான் வரலன்னு மே மாசமே அவருக்கு எழுதிட்டேனே, உன்கிட்ட சொல்லலியா?" என்றார்கள். அவர்கள் உன்னோடு இருப்பதாக எனக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. நீ சொன்னதாகப் பொய் சொன்னேன். நம் குடும்பத்தில் அது வருகிறது போலிருக்கிறது.

அந்த ரோடுதானே காரணம், வண்டியைச் சரி பண்ணியாச்சே என்று கேட்டுப் பார்த்தேன். "ரோடு மெத்தை மாதிரி இருந்தாலும் போய்ச் சேர்ற இடம் அதேதானே, நட்டு. அவருக்கு ஜெனரேட்டராவது பேசும். நான் யார்கிட்ட பேசுவேன்? இத நாலு வருஷமா சொல்றேன். அவர் ஸ்பிரிங்கப் பத்திப் பதில் சொல்றார்" என்றார்கள். ஸ்பிரிங் அனுப்பியவளே நான்தானே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பாப்பா வருகிறாள். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் அந்தச் சின்னக் கடிதம் எழுதினேன். கேட்காமலே இருந்துவிடலாம் என்றுகூட இருந்தேன். உன் போன கடிதம் அதற்கு விடவில்லை. உன் ஜீப்பின் பின்சீட்டுக் கண்ணாடி ஏறாது, இறங்காது. ரப்பர் போட்டு நிரந்தரமாக ஒட்டியவள் நான்.

மனுஷர்கள் ஏறி உட்கார்ந்தால் அளவு மாதாமாதம் ஒன்றுபோல் வராது. பிள்ளை வளரும். அசையும். மணல்தான் அப்படியே இருக்கும்.

கோபம் இல்லை. பதில் எழுது.

நட்டு

நவம்பர் 2

நட்டு,

நலம் என்று எழுத வந்து நிறுத்திவிட்டேன். நலம் இல்லை.

மே மாதம் அவள் கடிதம் வந்த அன்று நான் மூட்டையில் மணல் நிறைத்துக்கொண்டிருந்தேன். நாலே வரி. வாசலில் நின்று படித்தேன், பையில் வைத்தேன், மீதி மணலை நிறைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால், "வரேன்னு சொன்னாங்களா" என்று நீ கேட்டதுதான் கண்முன் நின்றது. தங்கச்சியிடம் தோற்க அண்ணனுக்கு மனம் வரவில்லை. வந்தாயிற்று என்று ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைக் காப்பாற்ற இத்தனை கடிதம்.

மணலைக் கொட்டச் சொன்னாய், கொட்டவில்லை. ஸ்பிரிங்குக்கு வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தினமும் ஏறியதும் இரண்டுக்கும் பெல்ட் போடுவேன். நீ அனுப்பிய நோட்டைச் சின்ன மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் பேச ஆரம்பித்தேன். முதலில் சும்மா, பிறகு தினமும். கல் திட்டில் இரண்டு தடவை ஏற்றியது மட்டும் பொய் இல்லை, உண்மையாகவே ஏற்றினேன். ஒரு நாள் மேஸ்திரி, "மூட்டைய இறக்கிட்டு டீசல் கேன் ஏத்தலாமே" என்று பின்கதவைத் திறந்தார். நான் அவரைப் பார்த்துக் கத்திய கத்தலில் முகாமே திரும்பிப் பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

உன் கடிதம் வந்ததும் சமையல்கூடத் தராசை வாங்கிவந்து நாலரை கிலோ கூட்டினேன். கட்டி, இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். இவ்வளவு வளர்ந்துவிட்டாளா என்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாப்பாவுக்காக அழுதேன், உன் அண்ணி சொன்னது எனக்குக் காதில் விழாமல் போனதற்காகவும் அழுதேன். நாலு வருஷம் ரோடு, ரோடு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒரே ஒரு முறைதான் ரோட்டைச் சொன்னாள். எனக்குச் சரி பண்ணத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் அதையே பிடித்துக்கொண்டேன்.

இரண்டு மூட்டையையும் கொட்டிவிட்டேன். தண்ணீர் கேனையும் இறக்கினேன். பின்பக்கம் 519. நீ அன்று சொன்னதுபோலவே தூக்கிப் போடுகிறது.

நான் என்ன செய்யட்டும்?

அண்ணன்

நவம்பர் 20

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீ நலம் இல்லை என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் முறையாக உண்மையான அளவு அனுப்பியிருக்கிறாய்.

அண்ணியிடம் பேசினேன். அவர்கள் வரமாட்டார்கள், அண்ணா. அதை நான் பூசி மெழுகப்போவதில்லை. நீ ஸ்பிரிங், ஷாக், ரோடு என்ற வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. பதில் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எழுது.

ஆனால் டிசம்பர் விடுமுறைக்குப் பாப்பாவைப் பத்து நாள் என்னுடன் அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் வருகிறேன். டிசம்பர் 21 லாரி. கல் பாதை ஆரம்பிக்கும் முனையில் இறங்கிக்கொள்கிறோம். அங்கே வந்து நில்.

திருகைத் தொடாதே. எடை கூட்டாதே, கழிக்காதே. வெறும் வண்டியைக் கொண்டு வா, பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரையும் கொண்டு வா. நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். இந்த முறை அளவு சரியாக வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இவள் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே.

ஒரு ஜோடி மெல்லிய ஸ்பிரிங்கும் கொண்டு வருகிறேன். ஒரு ஆள் மட்டும் ஓட்டுகிற வண்டிக்கு உரியது. நாங்கள் கிளம்பும் நாள் காலையில் நானே மாட்டிவிட்டு வருகிறேன். பழையதை எறிந்துவிடாதே. கிரீஸ் தடவிக் கொட்டகையில் வை.

கீழே இருப்பது நான் கேட்டு வாங்கியது இல்லை. என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி எழுதினாள்.

நட்டு

அப்பா நான் 26½ கிலோ. ஷூ இல்லாம நின்னேன். அத்தை சுவத்துல எழுதிட்டா. உன் நம்பர் மட்டும் பழசுன்னு அத்தை சொல்றா. நீ இப்ப எவ்ளோப்பா?